பன்னிரண்டு ஜி.பி. கருப்பும் எட்டு ஜி.பி. வெள்ளையும்

எங்கள் வீட்டுக்கு இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என் கல்லூரித் தோழனிடமிருந்து நானே போய் வாங்கி வந்தேன். இரண்டுக்கும் ஒரே விலை. காசு முன்னாலேயே கொடுத்தாகிவிட்டது. எது வேண்டும் என்பதுதான் பாக்கி.

"ரெண்டையும் போட்டுப் பாரு மச்சி. எது ஒத்து வருதோ அதை வெச்சிக்கோ. இன்னொன்னு நாளைக்கு சாயந்தரம் பெட்டியோட என் டேபிள் மேல இருக்கணும். வந்த மாதிரியே வரணும்" என்றான்.

அந்த 'நாளைக்கு சாயந்தரம்' எனக்கு வேறொரு காரணத்துக்காகவும் முக்கியமாக இருந்தது. சென்னையில் ஒரு அனிமேஷன் கம்பெனி எனக்குத் தேர்வு வைத்திருந்தது. பனி மூடிய ஒரு மலை, அடிவாரம் முழுக்க ஊசியிலை மரங்கள். எல்லாம் அவர்களே செய்து ஒரே ஃபைலாக அனுப்பிவிட்டார்கள். நான் அதற்கு விடிகாலை வெளிச்சம் அமைத்து, கேமரா மலையை ஒரு முறை முழுதாகச் சுற்றி வருகிற மாதிரி பத்து செகண்டு வீடியோ எடுத்து, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். ஃபைலில் எதையும் குறைக்கக் கூடாது. சரியாக வந்தால் வேலை. அதுவும் வீட்டிலிருந்தே.

பத்து செகண்டு என்பது இருநூற்று நாற்பது படங்கள். கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாகக் கணக்குப் போட்டு வரைய வேண்டும். இதற்கு முன் இன்னொரு கம்பெனியின் தேர்வில், கார்டு இல்லாத என் பழைய கம்ப்யூட்டர் மூன்று நாள் இரைந்து பதினொரு படம் போட்டது. அந்த கம்பெனி எனக்குப் பதிலே எழுதவில்லை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். படித்து முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. 'உங்க பையன் என்ன பண்றான்?' என்று யாராவது கேட்டால் அம்மா "கம்ப்யூட்டர்ல மலை கட்றான்" என்பாள். கேட்டவர்கள் ஜன்னல் வழியாக எங்கள் மலையை ஒரு தடவை பார்த்துவிட்டு, அது ஏற்கெனவே இருக்கிறதே என்கிற மாதிரி தலையாட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் ஊர் அடி அண்ணாமலை. மலை சுற்றும் பாதை வாசலில் போகிறது.

வந்த கார்டுகளில் ஒன்று வெள்ளை நிறம், புதுசு. இன்னொன்று கருப்பு, போன தலைமுறை. எது நல்லது என்று வீட்டில் எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று நினைத்தேன். காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு ஸ்கேலால் கோடு கிழித்து ஒரு பட்டியல் எழுதினேன். கருப்புக்கு நினைவகம் பன்னிரண்டு ஜி.பி., வெள்ளைக்கு எட்டு. உள்ளே கணக்குப் போடுகிற சின்னச் சின்னப் பகுதிகள் கருப்பில் மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம், வெள்ளையில் மூவாயிரத்துச் சொச்சம். வேகம் வெள்ளைக்கு ஜாஸ்தி. கரண்டு கருப்புக்கு நூற்றெழுபது வாட், வெள்ளைக்கு நூற்றுப் பதினைந்து. அதைச் சுவரில் ஒட்டினேன். நான் செய்த முதல் தப்பு அதுதான்.

அந்த நேரம் பார்த்து சித்தப்பா உள்ளே வந்தார். பக்கத்து வீடு. ஓட்டக் காளை ஒன்று வளர்க்கிறார். எங்கள் பக்கத்தில் தை மாசம் காளை விடும் விழா நடக்கும். மாட்டை யாரும் அணைத்துப் பிடிப்பதில்லை. இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டிய தெருவில் ஒவ்வொரு மாடாக அவிழ்த்து விடுவார்கள். கோட்டிலிருந்து கோட்டுக்கு எது கம்மி செகண்டில் ஓடுகிறதோ அது ஜெயித்தது. சித்தப்பாவுக்கு உலகத்தில் எந்த இரண்டு பொருளைக் காட்டினாலும் அவிழ்த்துவிட்டுப் பார்க்கத் தோன்றும்.

பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். அவருக்குப் படிக்க வராது, எண் தெரியும்.

"நூத்தி எழுவதுன்னு போட்டிருக்கியே, அது என்னா?"

"அது சாப்பிடற கரண்டு சித்தப்பா."

"அப்ப கருப்புக்குத் தீனி ஜாஸ்தி. ஓட்டம்?"

"வெள்ளை கொஞ்சம் வேகம். ஆனா எனக்கு வேகம் மட்டும் முக்கியமில்ல. கருப்புக்குக் களம் பெருசு. களம் சின்னதா இருந்தா மொத்த நெல்லையும் கொட்டிக் காய வைக்க முடியாது இல்ல, அந்த மாதிரி."

"கொட்டறது அப்புறம் பாக்கலாம். மொதல்ல வுட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பத்து நிமிஷத்தில் காளை விடும் விழாவில் டைம் பார்ப்பவரோடு வந்து நின்றார். இவர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர். மைக்கும் ஜெனரேட்டரும் அவருடையதுதான். விழாவில் கோட்டருகே கடிகாரத்தோடு நிற்பதும் அவர்தான். அவர் சொன்ன செகண்டுக்கு சுத்துவட்டாரத்தில் அப்பீல் கிடையாது. பின்னாலேயே டீக்கடையிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள்.

"அண்ணே, கடிகாரம் தேவையில்ல. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கம்ப்யூட்டரே காட்டும்" என்றேன்.

டைம்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, மாட்டுக்காரனே டைம் பாத்துக்கக் கூடாது. அது விதி."

அம்மா மஞ்சளும் குங்குமமும் கொண்டு வந்தாள். புதுசாக வந்த பொருள், வெள்ளிக்கிழமை, பொட்டு வைக்காமல் எப்படி ஓட விடுவது என்றாள். பெட்டி மேல் மட்டும் வையுங்கள், இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கெஞ்சினேன். "பெட்டியா ஓடப் போவுது?" என்றார் சித்தப்பா. கார்டு ஒவ்வொன்றிலும் இரண்டு விசிறிகள். விசிறியின் நடுவிலிருந்த வட்டம் நெற்றி என்று முடிவாகி, நாலு நெற்றியிலும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள்.

முதலில் ஒரு லேசான படத்தைப் போட்டேன். மேசை மேல் ஒரு டீ கிளாஸ், அவ்வளவுதான். வெள்ளைக்கு மூன்று ஓட்டம், கருப்புக்கு மூன்று ஓட்டம். எது நல்ல டைமோ அது கணக்கு. வெள்ளை ஓடும்போது விசிறிகள் சுற்றின. நடுவிலிருந்த குங்குமம் மட்டும் நகராமல் அப்படியே நின்றது. டைம்காரர் திரையில் டீ கிளாஸ் முழுசாக வந்ததும் கடிகாரத்தை அமுக்கினார்.

"பதினாலு பாயிண்ட் ரெண்டு!"

யாரோ விசில் அடித்தார்கள். கம்ப்யூட்டரை நிறுத்தி, திருப்புளியால் கழற்றி, கருப்பை மாட்டினேன். மூன்று ஓட்டத்தில் அதன் நல்ல டைம் பதினெட்டு பாயிண்ட் ஒன்பது.

"நாலு செகண்டு வித்தியாசம்னா அது தோல்வி இல்ல, அவமானம்" என்றார் டைம்காரர். சித்தப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து வெள்ளையின் பெட்டிக்குக் கட்டினார். எல்லோரும் டீக்கடைக்குத் திரும்பினார்கள்.

அவர்கள் போனதும் வெள்ளையை மாட்டி, கம்பெனி அனுப்பிய மலையைத் திறந்தேன். அரை நிமிஷம் யோசித்தது. நினைவகம் போதவில்லை என்று எழுதிக் காட்டி நின்றுவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி நின்றது. கருப்பை மாட்டினேன். ஒரு நிமிஷம் இரண்டு செகண்டில் ஒரு படம் முழுசாக வந்தது. இருநூற்று நாற்பதுக்கும் நாலு மணி நேரம் சொச்சம். போதும். கருப்புதான் என்று தெரிந்துவிட்டது. அந்த ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்கு சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் மாட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளையைத் திருப்பிக் குடுத்துடப் போறேன் சித்தப்பா. கருப்புதான் எனக்கு ஒத்து வருது."

தேய்க்கிற கை நின்றது. "ஊரே பாத்துச்சு, துண்டு கட்டியாச்சு. ஜெயிச்சத ஓட்டி வுட்டுட்டு தோத்தத கட்டி வெச்சிக்கினான்னு நாளைக்குப் பேசுவானுங்க. நான் டீக்கடைப் பக்கம் போவணுமா வேணாமா?"

"அது பாதியிலேயே நின்னுடுது சித்தப்பா!"

"நின்னுடுச்சா, நீ நிறுத்திட்டியா?"

விவகாரம் டைம்காரரிடம் போனது. என் பக்கம், வெள்ளை பக்கம் இரண்டையும் கேட்டுவிட்டு, விதிப்படி தீர்ப்புச் சொன்னார். கோட்டைத் தாண்டாத மாட்டுக்கு டைம் கிடையாது. ஆனால் அது கோட்டைத் தாண்டவில்லை என்பதை அவர் கண்ணால் பார்த்தாக வேண்டும். நாளைக்கு முழு தூரம், இருநூற்று நாற்பது படம். ஜெயித்ததற்கு முதல் உரிமை, அதற்கு மூன்று சான்ஸ். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம், அதற்கப்புறம்தான் விட வேண்டும்.

"அண்ணே, எனக்கு ஆறு மணிக்குள்ள அனுப்பணும். ராத்திரி வெளிச்சமும் கேமராவும் வெச்சி முடிச்சிட்டு விடிகாலையிலேயே ஆரம்பிச்சிடறேனே."

"எதுல ஆரம்பிப்ப? நாளைக்குப் பவுர்ணமி."

மலை சுற்ற லட்சம் பேர் வருகிற நாள். பவுர்ணமி அன்று பாதை நெடுக நூறு திடீர்க் கடைகள் முளைக்கும். ஒவ்வொன்றும் எங்கள் லைனிலிருந்து கரண்டு இழுக்கும். வோல்டேஜ் இறங்கி, வீட்டு ஃபேனே எண்ணுகிற மாதிரி சுற்றும். கம்ப்யூட்டர் நடுவில் அணைந்துபோகும். நாலு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டுமென்றால் அவருடைய ஜெனரேட்டர் வேண்டும். கரண்டு அவருடையது, அதனால் விதியும் அவருடையது.

சனிக்கிழமை பத்தரைக்கு ஜெனரேட்டர் எங்கள் வாசலில் உறுமியது. வெள்ளை முதலில் இறங்கியது. திரையில் பனி மலையைப் பார்த்ததும் அம்மா பதறிப்போனாள்.

"யார்றா இது, மலை மேல சுண்ணாம்பக் கொட்டனது?"

"பனிம்மா."

"மரத்து மேலயுமா?"

வெள்ளை நின்றது. இரண்டாவது சான்ஸிலும் நின்றது. மூன்றாவதில் வழக்கத்தைவிட கொஞ்ச நேரம் கூடுதலாக யோசித்தது. சித்தப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு "போ, போ, போடா ராஜா" என்று அடிக்குரலில் சொன்னார். அதுவும் நின்றது. டைம்காரர் கடிகாரத்தைப் பையில் போட்டார். "கோடு தாண்டல." சித்தப்பா எழுந்து வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அந்த வேளையில் மாடு தண்ணீர் குடிப்பதில்லை.

பத்து ஐம்பதுக்குக் கருப்பு ஓட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று மணிக்கு முடியும். வீடியோவைப் பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனால், தோழன் கடையிலிருந்து அனுப்பிவிடலாம். வீட்டிலிருந்து அனுப்ப முடியாது. பவுர்ணமிக்கு வருகிற ஜனத்தில் போனில் நெட் என்று ஒன்று இருக்காது.

முப்பது படம் ஆனபோது டைம்காரர் "இதுவரைக்கும் ஓடுனத ஒண்ணா ஓட்டிக் காட்டு" என்றார். காட்டினேன். மலை திரையில் மெல்ல நகர்ந்தது. அதுவரை கதவோரம் நின்றிருந்த அப்பா கிட்டே வந்து குனிந்தார்.

"இது அப்படிக்கா போவுது."

"எப்படிக்கா?"

"மலை இடது கை பக்கம் இருக்குது பாரு. இடமா சுத்துறான்."

அறையில் இருந்த அத்தனை பேரும் கையை நீட்டித் திரும்பித் திரும்பிச் சரிபார்த்தார்கள். உண்மைதான். மலையை வலது கைப் பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும். என் கேமரா இடது பக்கம் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த மென்பொருளில் முந்நூற்றறுபது டிகிரி என்று போட்டால் அது இடமாகத்தான் சுற்றும்.

டைம்காரர் எழுந்தார். "தம்பி, நிறுத்து."

"அண்ணே, இது நம்ம மலை இல்ல! எந்த நாட்டு மலைன்னே எனக்குத் தெரியாது!"

"எந்த மலையா இருந்தா என்னா? மலைன்னா வலமாத்தான் வரணும். அதுவும் பவுர்ணமி அன்னிக்கு, இந்த ஊர்ல உக்காந்துகினு. என் ஜெனரேட்டர்ல அப்பிரதட்சணம் ஓடாது."

"அரை மணி நேரம் வீணாப் போச்சுண்ணே. ஆறு மணிக்குள்ள அனுப்பலன்னா எனக்கு வேலை போயிடும்!"

"வாங்காத வேலை எப்படிப் போவும்?"

அப்பாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள், அத்தனை பேரும் ஒரே பக்கமாக. இதை எழுதும்போது மறைக்க எதுவும் இல்லை. எனக்கும் உள்ளே உறுத்தத்தான் செய்தது. பிறந்ததிலிருந்து ஒரு மனிதர்கூட மலையை அந்தப் பக்கமாகச் சுற்றி நான் பார்த்ததில்லை. பார்த்த பிறகு அந்த முப்பது படங்களும் கோணலாகத் தெரிந்தன. நிறுத்தினேன். முந்நூற்றறுபதுக்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டேன். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். மணி பதினொன்றரை.

அதற்கப்புறம் நடந்ததில் சொல்வதற்கு ஒன்றுமில்லை, அதுதான் அதன் கஷ்டம். கருப்பு ஓடியது. யாரும் இதுவரை நாலு மணி நேரம் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்ததில்லை. முதல் ஒரு மணி நேரம் ஜனம் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. அப்புறம் சாப்பிடப் போனது, வந்தது. அம்மா பொங்கல் செய்து எல்லோருக்கும் கொடுத்தாள். சித்தப்பா திரும்பி வந்து, வேண்டாவெறுப்பாக ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, நூற்று இருபதாவது படத்தில் "சரி, நிக்காம போவுது" என்றார். இருநூறுக்குப் பிறகு பனி மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் எட்டிப் பார்த்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மூன்று முப்பத்தாறுக்கு இருநூற்று நாற்பது. டைம்காரர் கடிகாரத்தை அமுக்கி, மைக் இல்லாமலே மைக் குரலில் அறிவித்தார். "நாலு மணி ஆறு நிமிஷம்!"

பாதையில் வண்டி எதையும் போக விடவில்லை. நடக்கத்தான் வேண்டும். பென் டிரைவைச் சட்டைப் பையிலும், வெள்ளையைப் பெட்டியோடு மார்பிலும் வைத்துக்கொண்டு ஜனத்தோடு இறங்கினேன். துண்டை அவிழ்க்க சித்தப்பா விடவில்லை. துண்டுக்கு மேல் அம்மா ஒரு முழம் மல்லிகை சுற்றியிருந்தாள். ஓட முடியவில்லை, முன்னால் போகிறவர்களின் வேகம்தான் என் வேகம். ஆனால் பூ சுற்றிய பெட்டியைப் பார்த்ததும் சிலர் ஒதுங்கி வழி விட்டார்கள். வெளியூர் அம்மா ஒருவர் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"என்னா சாமிப்பா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எட்டு ஜி.பி.ம்மா" என்றேன். "நல்லா இருப்பா" என்றார்.

கடைக்குள் நுழைந்தபோது ஐந்தே முக்கால். தோழன் பெட்டியைத் திறந்து பார்த்து "என்னடா இது?" என்றான். நான் அவன் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகி, வீடியோவை ஏற்ற விட்டு, அது நூறு சதம் ஆகும்வரை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐந்து ஐம்பத்து நாலுக்குப் போய்ச் சேர்ந்தது.

"மச்சி, உங்க ஊர்ல இதுக்குக் காது குத்தனீங்களா?" என்றான் தோழன். பஞ்சால் மஞ்சளைத் துடைத்துக்கொண்டிருந்தான். "உள்ள எல்லாம் குங்குமம்டா. என்னான்னு சொல்லி விப்பேன்?"

"பூஜை போட்டதுன்னு சொல்லு" என்றேன். களைப்பில் சொன்னது. திங்கட்கிழமை அவன் அப்படியே சொல்லி விற்றுவிட்டான்.

புதன்கிழமை கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. நாங்கள் மாதிரிக்கு வைத்திருந்த வீடியோவில் கேமரா எதிர்த் திசையில் சுற்றும், நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், அதனால் சூரியன் கடைசியில் வருகிறது, இது நன்றாக இருக்கிறது, ஒன்றாம் தேதியிலிருந்து சேர்ந்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். யோசித்து மாற்றியதா என்றும் கேட்டிருந்தார்கள். வெகுநேரம் யோசித்து, 'ஆம், வீட்டில் கலந்து பேசி' என்று பதில் எழுதினேன்.

டைம்காரர், மாடுகளின் டைம் எழுதி வைக்கிற தன் காளை நோட்டைக் கொண்டுவந்து என்னையே எழுதச் சொன்னார். சித்தப்பாவின் மாட்டுக்குக் கீழே ஒரு வரி விட்டு எழுதினேன். கருப்பு, முழு தூரம், வலம், நாலு மணி ஆறு நிமிஷம். வெள்ளை, கோடு தாண்டவில்லை.

சித்தப்பா நோட்டை வாங்கிப் பார்த்தார். எண் இருந்த இடத்தையும் பார்த்தார், எண் இல்லாத இடத்தையும் பார்த்தார்.

"வெள்ளைய யார் வாங்கனது?"

"போளூர்க்காரர் ஒருத்தராம் சித்தப்பா. கேம் ஆடறதுக்கு."

"நல்லா வெச்சிருக்கானாமா?"

"தெரியல."

"கேளு" என்றார். "தை மாசம் வெள்ளையையும் கொண்டாரச் சொல்லு. அந்தப் பனி கினி எல்லாம் வாணாம். அந்த டீ கிளாஸ மட்டும் வுடுவோம்."